சாய்ந்த கூரையின் கீழ் சங்கத்து அலமாரி

கூட்டுறவு நாணயச் சங்கங்களுக்கான சட்டம் 1904-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அவ்வருஷமே, அப்போது செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில், சென்னை மாகாணத்து முதல் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. அன்று முதல் சங்கங்கள் நம்பியிருப்பது கணக்கேடுகளையே. அங்கத்தினர் செலுத்திய பங்குத் தொகை, பெற்ற கடன், கட்டிய தவணை, எழுதிக் கொடுத்த பத்திரம் ஆகிய யாவும் காகிதத்தில் அடங்கியவை. கணினியில் கணக்கு வைக்கும் சங்கத்திலும் கையொப்பமிட்ட தஸ்தாவேஜுக்கு ஈடில்லை. அது நனைந்தோ, கரையான் அரித்தோ போனால், ஏழை அங்கத்தினர் தாம் கடனை அடைத்ததற்கு வேறு என்ன சாட்சி காட்டுவார்? ஆகையால் ஏடுகளை வைக்கும் அலமாரியைப் பற்றி யோசிப்பது அற்ப விஷயமன்று.

ஓட்டுக் கட்டடத்தில் இடவசதி குறைவு. மழைநீர் தேங்காமல் ஓடுவதற்காகக் கூரையைச் சரிவாகப் போடுவதால், ஓரச் சுவரண்டை உயரம் குறைந்து, ஆள் நிமிர்ந்து நிற்க இயலாது. அவ்விடத்தில் பெரும்பாலும் உடைந்த சாமான்களே கிடக்கின்றன. கடையில் விற்கும் சதுரமான அலமாரி அங்கே பொருந்தாது. நடுவில் வைத்தாலோ அறையை அடைத்துக் கொள்ளும். கூரையின் சரிவையே அனுசரித்து உள்ளூர்த் தச்சரைக் கொண்டு அலமாரி செய்வித்தால், வீணாகும் மூலை பயன்படும்.

முதல் வேலை அளவெடுத்தல். 24 அங்குல நீளமுள்ள நேரான சட்டம் ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையைக் கைமரத்தின் அடியில் தொடும்படி வைத்து, மறு முனையை அறையின் உட்புறமாக நீட்டி, ரசமட்டத்தால் கிடைமட்டமாக்குக. அந்த மறு முனையிலிருந்து நேர்மேலே கைமரம் வரை எத்தனை அங்குலம் என்று பார்க்க. 12 அங்குலம் வந்தால், 2-க்கு 1 சரிவு என்று கொள்க. பழைய கூரை ஓரிடத்தில் தொய்ந்தும் ஓரிடத்தில் உயர்ந்தும் இருக்குமாதலால், இரு கோடியிலும் நடுவிலும் அளந்து, மிகத் தாழ்ந்த அளவையே கணக்கில் கொள்ளவேண்டும்.

கோணத்தைப் பலகைக்கு மாற்றுவது எளிது. இரண்டு மெல்லிய சட்டங்களை ஒரே திருகாணியால் இணைத்து, ஒன்றைக் கைமரத்தோடு ஒட்டியும், மற்றொன்றைத் தூக்குக்குண்டின் நூலுக்கு நேராகவும் பிடித்துத் திருகாணியை முடுக்குக. அந்தச் சட்டங்களைப் பலகைமீது வைத்துக் கோடிட்டால் அதுவே வெட்டவேண்டிய சாய்வு.

உதாரணமாக, சுவரோரத்தில் தரையிலிருந்து கைமரம் வரை 54 அங்குலம் என்றும், சரிவு 2-க்கு 1 என்றும் வைத்துக் கொள்வோம். அலமாரியைச் சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி, 18 அங்குல ஆழத்தில் அமைப்பதானால், அதன் பின்புறத்துக்கு நேரே கூரை 55 அங்குலமும், முன்புறத்துக்கு நேரே 64 அங்குலமும் இருக்கும். இரண்டிலும் 4 அங்குலம் கழித்து, பின் உயரம் 51, முன் உயரம் 60 என்று வைக்கவேண்டும். இதில் 6 அங்குலம் கால்களுக்குப் போக, பக்கப் பலகை பின்னே 45, முன்னே 54 அங்குலமாகும். மேற்பலகையை ஆழத்தின் அளவாகிய 18 அங்குலத்துக்கே அறுத்துவிட்டால் போதாது. அது சாய்ந்து கிடப்பதால் 20 அங்குலத்துக்குச் சற்று அதிகமாக வேண்டும். முன்னும் பின்னும் அரை அங்குலம் நீட்டிவிடுவதும் நலம்.

கூரைக்கும் அலமாரிக்கும் இடைவெளி விடுவதன் காரணத்தை மறக்கலாகாது. மழைக்காலத்துக்கு முன் ஓடு மாற்றும்போது கைமரங்கள் அசையும். அலமாரியைக் கைமரத்தோடு ஆணியடித்துப் பிணைத்தால் அதுவும் அசைந்து மூட்டுகள் விட்டுவிடும். முன்புறம் உயரமானதால் சாய்ந்து விழாதபடி, சுவரோடு இரண்டு இரும்புப் பட்டைகளால் பிணைத்தால் போதும். எந்த ஓடு எப்போது ஒழுகும் என்று சொல்ல இயலாதாகையால், மேற்பலகையின்மீது துத்தநாகப் பூச்சுள்ள தகடு வேய்க. சரிவு சுவரை நோக்கியிருப்பதால், தகட்டின் பின் விளிம்பைச் சிறிது நீட்டிக் கீழே மடித்தால், ஒழுகிய நீர் பின்பலகையில் வழியாமல் இடைவெளியில் விழும்.

சுவரையொட்டிய 2 அங்குல இடைவெளி கரையானைக் கண்டறிய உதவுகிறது. கரையான் மண்குழாய் கட்டிக்கொண்டே ஏறும். கால்களைக் கருங்கல்மேல் நிறுத்தி, வாரம் ஒருமுறை விளக்கைப் பிடித்துப் பின்புறத்தைப் பார்த்தால், மண்கோடு தெரிந்தவுடன் தட்டிவிடலாம். சுவரோடு ஒட்டிய அலமாரியில் ஏடு அரிபட்ட பின்னரே விஷயம் தெரியவரும். பின்பலகையின் அடியிலும் பக்கங்களின் மேற்புறத்திலும் சிறு துளைகளிட்டுக் கம்பி வலை அடித்தால் காற்றோட்டம் உண்டாகி, பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் குறையும்.

இவ்விதம் தாழ்ந்த சுவரில் முதுகை வைத்த அலமாரிக்குக் கதவுகள் சாதாரணச் சதுரக் கதவுகளே. ஆனால் முக்கோணச் சுவரை ஒட்டி வைத்தால், கதவின் மேல்விளிம்பும் கூரையோடு சாய்ந்திருக்கும். அப்போது கீலை உயரமான பக்கத்திலேயே அமைக்கவேண்டும். தாழ்ந்த பக்கத்தில் அமைத்தால், கதவின் உயர்ந்த மூலை திறக்கும்போது தாழ்ந்த கூரையில் இடித்து நின்றுவிடும்.

மரத்துக்கு வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. நன்கு உலர்ந்த தேக்கோ, வேங்கையோ, பூவரசோ போதுமானது. பச்சை மரம் பின்னர் முறுக்கிக் கொள்ளுமாதலால் அதை விலக்குக. அகலம் 3 அடிக்கு மேற்பட்டால் நடுவே ஒரு நிறுத்துப் பலகை வேண்டும். இன்றேல் ஏடுகளின் பாரத்தால் தட்டுகள் வளையும். கனமான பேரேடுகளைக் கீழ்த்தட்டிலும், நாள்தோறும் எடுப்பவற்றை நடுத்தட்டிலும், மேலே எஞ்சும் சாய்ந்த இடத்தில் சுருட்டிய வரைபடங்களையும் வைக்கலாம்.

அலமாரி செய்யத் தீர்மானிக்கும் சங்கத்தார், மரம் வாங்குமுன் தச்சரைக் கட்டடத்துக்கு அழைத்து, கூரையை அவர் கையாலேயே அளக்கச் செய்வார்களாக. ஏடு காப்பாற்றப்பட்டால் அங்கத்தினரின் உரிமையும் காப்பாற்றப்படும்.