அறுபத்தோராம் நாள் காலை

கறுப்பு கோட்டு – தொடர் 17

போன வாரம் ரிமாண்ட் முடிந்து கிளைச்சிறைக்குப் போன ஆளை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரம் அவருடைய வக்கீல் பக்கம் போகலாம். அவர் மேஜையில் முதலில் இருக்க வேண்டியது ஒரு காலண்டர்.

கைதான ஆளை மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த நாளிலிருந்து ஒரு கணக்கு ஓட ஆரம்பிக்கிறது. குற்றத்தைப் பொறுத்து 60 நாள் அல்லது 90 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்கு வராவிட்டால் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். வழக்கு எவ்வளவு கொடூரமானது, சாட்சி எவ்வளவு பலம் என்றெல்லாம் பார்க்க நீதிபதிக்கு இடமில்லை. கோர்ட் வராந்தாவில் இதை ‘மேண்டேட்டரி பெயில்’ என்பார்கள். ஆனால், தானாக வராது, கேட்க வேண்டும். அதுவும் குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்கு முன்பு கேட்க வேண்டும். 61-ம் நாள் காலையில் மனுப் போடாமல், மத்தியானம் சாவகாசமாக டைப் அடித்துக்கொண்டிருக்கையில் இன்ஸ்பெக்டர் கேஸ் கட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால், அந்த உரிமை போனது போனதுதான்.

நாளை எண்ணுவதற்கு ஒரு படிப்பா என்று தோன்றும். எண்ணிப் பாருங்கள். தற்கொலைக்குத் தூண்டியதாக ஒரு வழக்கு. பழைய சட்டத்தில் 306, புதிய சட்டத்தில் 108. தண்டனை பத்து ஆண்டு வரை. இதற்கு 60 நாளா, 90 நாளா? குறைந்தபட்சத் தண்டனையே பத்து ஆண்டாக இருந்தால்தான் 90 என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று நீதிபதிகளில் இருவருடைய கருத்து அது. ஆக, 306-க்கு 60 நாள். இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 187-வது பிரிவில் வாசகம் கொஞ்சம் மாறியிருக்கிறது: ‘பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல்’. போதாதா? 90 என்று வாதாட அரசுத் தரப்புக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. ‘108-க்கு 90 நாளாச்சே’ என்று பேசாமல் இருந்துவிடும் வக்கீலின் கட்சிக்காரர், இன்னும் முப்பது நாள் சிறைச் சோறு சாப்பிடுவார்.

அந்த 2017 தீர்ப்புக்குப் பின்னால் இருந்தது அசாமின் ஊழல் வழக்கு ஒன்று. வக்கீல்கள் வழக்கமான ஜாமீன் கேட்டு உயர் நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அதற்கு நடுவிலேயே 60-ம் நாள் கடந்துபோனது. வாதத்தின்போது இந்த உரிமையை வாயால் கேட்டிருக்கிறார்கள். எழுத்தில் மனு இல்லை என்று உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. மனித சுதந்திர விஷயத்தில் வாயால் கேட்டாலும் போதும் என்று உச்ச நீதிமன்றம் திருத்தியது. ஜனவரியில் கிடைத்திருக்க வேண்டிய ஜாமீன் ஆகஸ்ட்டில் கிடைத்தது. ஒரு பக்க மனு எழுதியிருந்தால் போதும்.

ரிமாண்ட் செய்த நாளைச் சேர்த்து எண்ணுவதா, விட்டு எண்ணுவதா? இதிலும் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருந்தன. சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று முடிவானது 2023 மார்ச்சில். கொரோனா ஊரடங்கில் நம் மதுரையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடுவையெல்லாம் உச்ச நீதிமன்றம் பொதுவாக நீட்டித்திருந்தது. அந்த நீட்டிப்பு குற்றப்பத்திரிகைக்கும் பொருந்துமா? பொருந்தாது என்றார் மதுரைக் கிளையில் ஒரு நீதிபதி, 2020 மே மாதம். அதே மாதம் இன்னொரு நீதிபதி பொருந்தும் என்றார். ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம், முதலாமவர் சொன்னதே சரி என்றது; முந்தைய தீர்ப்பு இருக்கும்போது இரண்டாமவர் அதற்கு மாறாகத் தீர்ப்பளித்திருக்கக் கூடாது என்றும் சொன்னது. அந்தச் சில வாரங்களில் 61-ம் நாளைத் தொட்டவர்களின் கதியை அவரவர் வக்கீல் எந்தத் தீர்ப்பைப் படித்திருந்தார் என்பதே முடிவு செய்திருக்கும்.

இதையெல்லாம் வக்கீலுக்கு யார் சொல்லித்தருகிறார்கள்?

நீதிபதிகளுக்குச் சென்னையில் மாநில நீதித்துறை அகாடமி இருக்கிறது. போலீஸுக்கு வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரியில் அகாடமி. டாக்டர்கள்கூட ஐந்து ஆண்டுக்கு முப்பது மணி நேரமாவது தொடர் கல்வி பெற வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் நெறிமுறை விதி சொல்கிறது. வக்கீலுக்கு அப்படி ஒன்றும் கட்டாயமில்லை. பார் கவுன்சிலில் பதிவுசெய்து, அகில இந்தியத் தேர்வு ஒன்றை ஒருமுறை பாஸ் செய்துவிட்டால் போதும். அந்தத் தேர்வும் 2010-க்குப் பிறகு வந்ததுதான். அதற்கு முன் பதிவுசெய்த சீனியர்களுக்கு அதுவும் கிடையாது. அதற்கும் முன்னால், புதிய வக்கீல்களுக்கு ஓராண்டுப் பயிற்சி கட்டாயம் என்று பார் கவுன்சில் 1995-ல் ஒரு விதி கொண்டுவந்தது. அதற்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வக்கீலாக நுழைவதற்கே இவ்வளவு இழுபறி. நுழைந்தவர் அப்புறம் படிக்கிறாரா என்று கேட்க ஆளில்லை.

கேட்காமலே ஓடிக்கொண்டிருந்த வண்டியை 2024 ஜூலை 1 நிறுத்தியது. 1860-ன் தண்டனைச் சட்டம், 1872-ன் சாட்சியச் சட்டம், 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மூன்றும் போய் அந்த இடத்தில் புதிய மூன்று வந்தன. தமிழ்நாட்டில் பல கோர்ட்டுகளில் வக்கீல்கள் அன்று புறக்கணிப்புச் செய்தார்கள். எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம். ஆனால், மறுநாள் காலையில் எஃப்.ஐ.ஆர். புதிய நம்பரில்தான் வந்தது.

நம்பர்தான் எல்லோரும் பேசியது. கொலை 302 இல்லை, 103. பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போகும் பிரிவு. அது இப்போது 528. புதிய சட்டத்தில் 482 என்பது முன்ஜாமீன். நாற்பது ஆண்டு பழகிய நாக்கு தடுமாறத்தான் செய்யும். இரண்டு சட்டத்தின் பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட அட்டவணைகள் சுடச்சுட விற்றன. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ‘சங்கலன்’ என்று ஒரு செயலியே வெளியிட்டது. நம்பர் குழப்பத்தால் பெரிய கேடு எதுவும் வந்துவிடாது என்று நினைக்கிறேன். தப்பாக எழுதினால் பெஞ்ச் கிளர்க் ரிட்டர்ன் போடுவார், திருத்திக் கொடுக்கலாம். நம்பர் மாறியதைப் பார்த்துவிட்டு, உள்ளே மாறியதைப் பார்க்காமல் விடுவதில்தான் ஆபத்து.

உதாரணத்துக்கு, கைதானவரின் அம்மா கேட்பார்: “சார், திரும்ப ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்களா?” பழைய பதில் மனப்பாடமாக வரும்: “பதினஞ்சு நாள் தாண்டிருச்சும்மா, இனிமே போலீஸ் கஸ்டடி கேட்க முடியாது.” 2024 ஜூலைக்கு முன்பு அது சரி. இப்போது அந்தப் பதினைந்து நாளைத் துண்டு துண்டாக, முதல் 40 நாளுக்குள்ளோ 60 நாளுக்குள்ளோ போலீஸ் கேட்டு வாங்கலாம். ஒன்பதாவது நாள் ஜாமீன் மனு போடுகிற வக்கீல், ‘கஸ்டடி பாக்கியிருக்கிறது’ என்ற எதிர்ப்புக்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போக வேண்டும்.

இன்னொன்று பென் டிரைவ். இன்றைக்குக் கொள்ளை, அடிதடி வழக்குகளில் சிசிடிவி இல்லாத கட்டு அபூர்வம். இதற்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் பெரிய ஆயுதம். 2014-லும் 2020-லும் உச்ச நீதிமன்றம் அது கட்டாயம் என்று சொல்லிவிட்டதால், ‘65பி இல்லை யுவர் ஆனர்’ என்று எழுந்து நின்றே பல வழக்குகள் ஜெயித்தார்கள். இப்போது அந்த இடத்தில் 63. சான்றிதழின் படிவமே சட்டத்தின் அட்டவணையில் அச்சாகி வந்திருக்கிறது. இரண்டு பகுதி. முதல் பகுதியில் கேமரா வைத்திருந்த கடைக்காரரோ, கருவிக்குப் பொறுப்பானவரோ கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது பகுதியில் ஒரு நிபுணர். இரண்டிலும் ‘ஹேஷ் வேல்யூ’ எழுத வேண்டும். ஒரு கோப்புக்கான கைரேகை என்று அதை வைத்துக்கொள்ளலாம். வீடியோவில் ஒரு நொடியை வெட்டினாலும் அந்த நீளமான எழுத்து-எண் வரிசை முழுக்க மாறிவிடும். ஆகவே, குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கடையில் எடுத்தபோது குறித்த ஹேஷும் கோர்ட்டுக்கு வந்த காப்பியின் ஹேஷும் ஒன்றா? எந்த முறையில் கணக்கிட்டார்கள்? கடைக்காரர் தானே படிவத்தை நிரப்பினாரா, ஸ்டேஷனில் நிரப்பிய தாளில் கையெழுத்து மட்டும் போட்டாரா? கையெழுத்துப் போட்ட நிபுணர் எதில் நிபுணர்? இதை எந்த அட்டவணைப் புத்தகமும் சொல்லித்தராது. லேப்டாப்பைத் திறந்து, ஒரு கோப்பின் ஹேஷை ஒருமுறை தானே எடுத்துப் பார்த்தவருக்குத்தான் இந்தக் கேள்விகள் வரும்.

இத்தனை காலமும் வக்கீல்கள் படிக்காமலா இருந்தார்கள்? படித்தார்கள், ஆபீஸில். சாயங்காலம் ஆறு மணிக்குச் சீனியர் வந்து உட்கார்ந்தால், ஜூனியர்கள் எம்.எல்.ஜே. வால்யூமை எடுத்துப் பிரித்து மறுநாள் வாய்தாவுக்கான தீர்ப்பைத் தேடுவார்கள். 1891-ல் மெட்ராஸில் தொடங்கிய அந்தப் பத்திரிகையின் பைண்டு வால்யூம்களைப் பார்த்தாலே சீனியரின் வருமானம் தெரியும் என்பார்கள். நல்ல சீனியர் வாய்த்தவருக்கு அதைவிடப் பெரிய கல்லூரி இல்லை. வாய்க்காதவர்? தாலுகா கோர்ட்டில் தனியாக ஆபீஸ் போட்டவர், பகலெல்லாம் செக் கேஸும் சாயங்காலம் பத்திரப்பதிவு வேலையுமாக ஓடுபவர், வாட்ஸ்அப் குழுவில் வரும் தீர்ப்பின் தலைப்பு வரியோடு நின்றுவிடுகிறார். தலைப்பு வரி பெரும்பாலும் தீர்ப்பு அல்ல.

கட்டாயமாக்கிவிட்டால்? அமெரிக்காவில் மினசோட்டாவும் ஐயோவாவும் 1975-லேயே ஆக்கின. இன்று அங்கே பெரும்பாலான மாநிலங்களில் இத்தனை மணி நேரம் வகுப்பு என்று கணக்குக் காட்டினால்தான் லைசென்ஸ். இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்கு ஆண்டுக்கு 16 மணி நேரம் என்றிருந்தது. ஆள் வந்து உட்கார்ந்தார் என்பதற்கும் கற்றார் என்பதற்கும் சம்பந்தமில்லை என்ற விமர்சனம் வலுத்து, 2016-ல் அந்த மணிக்கணக்கைக் கைவிட்டார்கள். நம் ஊரில் கட்டாயம் என்று வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாவட்டத் தலைநகரில் ஒரு கல்யாண மண்டபம், குத்துவிளக்கு, பொன்னாடை, மத்தியானம் பிரியாணி, வாசலில் சான்றிதழ். அதற்கு அது இல்லாமலே இருக்கலாம்.

நான் சொல்வது சின்னது. ஒவ்வொரு பார் அசோசியேஷனும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தன் கோர்ட்டிலேயே தள்ளுபடியான பத்து ஜாமீன் மனுக்களை எடுத்து, பெயரை மறைத்து, நடுவில் போடட்டும். ரிமாண்ட் தேதி என்ன, எந்தப் பிரிவு, கணக்கு சரியா, எந்தத் தீர்ப்பைக் காட்டியிருக்கலாம் என்று ஜூனியர்கள் பிரித்துப் பேசட்டும். 2024 ஜூலைக்கு முன்பு நடந்த குற்றத்துக்கு அதற்குப் பிறகு எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால், குற்றத்துக்குப் பழைய சட்டம், நடைமுறைக்குப் புதியது. இந்த இரட்டைக் கணக்கு இன்னும் பல ஆண்டுக்கு ஓடும், அதுவும் அந்தப் பத்தில் இருக்கட்டும். செலவு டீக்காசு. இந்த யோசனையைச் சொன்னபோது ஒரு மாவட்ட சங்கத்தின் நிர்வாகி சிரித்துக்கொண்டே சொன்னார்: “பேரை மறைச்சா என்ன சார், மனு எழுதற ஸ்டைலைப் பார்த்தே எந்த சீனியர்னு கண்டுபிடிச்சிடுவாங்க. எவன் கட்டைக் கொடுப்பான்?”

(அடுத்த வாரம்: அரசே சம்பளம் கொடுத்து வைக்கும் எதிர்த்தரப்பு வக்கீல்)