டிரிப்சின் இருக்கும் இன்னொரு இடம்

முன்பெல்லாம் டிரிப்சின் என்றால் கணையம்தான். அங்கே செயலற்ற வடிவில் உருவாகி, கணைய நீரோடு சிறுகுடலுக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்கி, நாம் உண்ட பருப்பையும் மீனையும் உடைக்கும் நொதி அது. சிறுகுடல் சுவரின் நுண்குழிகளின் அடிப்பகுதியில், இன்று பேனத் செல்கள் எனப்படும் துகள் நிரம்பிய செல்கள் இருப்பதை 1872இல் ஷ்வால்பேயும் 1888இல் ஜோசப் பேனத்தும் விவரித்திருந்தார்கள். ஆனால் துகளுக்குள் என்ன புரதம் இருக்கிறது என்பதை அக்காலச் சாயங்கள் சொல்லவில்லை.

1941இல் ஆல்பர்ட் கூன்ஸ் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை இணைத்தார். எதிர்ப்பொருள் தனக்குரிய புரதத்தை மட்டுமே பற்றும். ஆகவே அந்தப் புரதம் உள்ள செல் மட்டும் நிறம் காட்டும். 1986ஆம் ஆண்டில், ஸ்வீடனின் மால்மோ ஆய்வாளர்கள் இந்த வழியில் பேனத் செல்களுக்குள் டிரிப்சினையும், அதை அடக்கிவைக்கும் தடுப்புப் புரதத்தையும் கண்டார்கள். கணைய நீரிலிருந்து வந்து ஒட்டியவையா, செல்லே செய்தவையா?

2002இல் டிரிப்சினைப் பற்றித் தெளிவு வந்தது. பேனத் செல் அதைத் தானே தயாரிக்கிறது. அங்கே அதன் வேலை செரிமானம் அல்ல. முழுமை பெறாத டிஃபென்சின் புரதத்தை வெட்டிக் கிருமிகளைக் கொல்லும் ஆயுதமாக்குவது. இடம் தெரிந்ததால்தான் வேலை தெரிந்தது.

அதே ஆண்டு ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்கள், தடுப்புப் புரதத்தின் மரபணுவான ஸ்பிங்க்1இல் உள்ள மாற்றத்துக்கும் நம் நாட்டுக் கணைய நோய் ஒன்றுக்கும் தொடர்பு காட்டினார்கள். இளவயதிலேயே கணையத்தில் கல் சேர்ந்து, பலரைச் சர்க்கரை நோயில் தள்ளும் இந்நோய்க்குத் தென்னிந்தியாவில் அன்று மரவள்ளிக்கிழங்கின் மேல்தான் பழி விழுந்தது.

இன்று எண்டோஸ்கோப்பில் எடுத்த மிளகாய் விதையளவு சதையே இந்த எதிர்ப்பொருள் சோதனைக்குப் போதும். 2003இல் ஸ்வீடனில் தொடங்கிய மனிதப் புரத வரைபடத்தை, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவர் கைப்பேசியிலேயே இலவசமாகத் திறக்கலாம். அதன் திசுப் படங்களைப் பார்த்துக் குறித்தவர்களில் மும்பை நோயியல் மருத்துவர்களும் உண்டு. திசுவோ உப்சாலாவின் சேமிப்பகத்திலிருந்து வந்தது. பார்க்கத் தெரிந்த கண்கள் நம்மிடம் இருக்கின்றன. கணையக் கல்லோடு வாழும் நம் நோயாளிகளின் குடலில் அந்தத் தடுப்புப் புரதம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும், அவர்கள் சம்மதத்தோடு, நாமே பார்த்துச் சொல்ல வேண்டும்.