இணையத் தொடர்கதை

திரௌபதியம்மன் கோயில்களிற் பாரதம் படிக்கும் வழக்கம் தமிழகத்தில் நெடுநாளாக உண்டு. பிரசங்கியார் நாள்தோறும் ஒரு பகுதியை விரித்துரைப்பார். கதை சுவை முற்றிச் செல்லும் இடத்தில், எஞ்சியதை நாளைக்கு என்று நிறுத்திவிடுவார். கேட்டோர் அடுத்த நாளை எண்ணியவாறே வீடு திரும்புவர். இங்ஙனம் பகுத்துக் கூறும் முறை அச்சு வந்தபின் இதழ்களிற் புகுந்து தொடர்கதை எனப் பெயர் பெற்றது. இக்காலத்தே இணையத்திலும் புகுந்துள்ளது. ஓலை, தாள், கணினித்திரை எனக் கருவி மாறினும், எழுதுவோன் மேற்கொள்ள வேண்டிய ஒழுங்கு பெரிதும் மாறவில்லை.

அவ்வொழுங்கினுள் முதன்மையானது நாள் தவறாமை. கனடா நாட்டினரான ஜான் மெக்ரே என்பார், வைல்ட்போ என்னும் புனைபெயரில் 'வார்ம்' என்ற நெடுங்கதையை 2011 ஜூன் முதல் 2013 நவம்பர் வரை இணையத்தில் எழுதினார். செவ்வாயும் சனியும் புதிய அத்தியாயம் வெளிவந்தது. முடிவில் அது 16 இலட்சம் சொற்களைக் கடந்தது. தமிழில் இதனினும் பெரிய முயற்சி ஒன்று உண்டு. ஜெயமோகன் மகாபாரதக் கதையை 'வெண்முரசு' என்னும் பெயரால் 2014 ஜனவரி 1 முதல் தம் இணையதளத்தில் நாளுக்கோர் அத்தியாயமாக எழுதத் தொடங்கி, 2020 ஜூலையில் 26 நூல்களாக முடித்தார். கோயில் திண்ணையில் பல நாள் நடந்த பாரதம், கைப்பேசியில் ஆறரை ஆண்டுகள் நடந்தது எனலாம்.

இத்தகைய உழைப்பு மன எழுச்சியை மட்டும் நம்பி நடைபெறுவதன்று. தேர்ந்த எழுத்தாளர் பலர் முதல் அத்தியாயத்தை வெளியிடுமுன் சில அத்தியாயங்களைக் கையிருப்பாக எழுதி வைத்துக்கொள்வர். காய்ச்சல் வந்தாலும், வீட்டில் திருமணம் நேர்ந்தாலும் அக்கையிருப்பு காக்கும். குதிருள் நெல் உள்ள வீட்டார் மழை பொய்த்த அன்றே கலங்கார் அன்றோ! அன்றியும், கதைமாந்தரின் பெயர், அகவை, உறவு, எந்நாளில் என்ன நிகழ்ந்தது என்பவற்றைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி வைப்பர். மூன்றாம் அத்தியாயத்தில் இடக்கையை இழந்தவன் நாற்பதாம் அத்தியாயத்தில் இரு கைகூப்பி வணங்கினால், எழுதியவன் மறந்ததைப் படிப்பவன் மறந்திருக்கமாட்டான்.

அத்தியாயத்தை எங்கே நிறுத்துவது என்பதும் ஒரு கலையே. முடிவுதோறும் ஒருவனைக் கத்தியை ஓங்கச் செய்து, அடுத்த அத்தியாயத்தில் அவன் இளநீர் சீவவே ஓங்கினான் என்று எழுதுவாரும் உளர். இஃது இருமுறை செல்லும், மும்முறை செல்லாது. ஏமாற்றி வரவழைத்த வாசகன் நெடுநாள் தங்கான். கதையினுள்ளே உண்மையாக எழுந்த ஐயம் ஒன்று நிற்குமிடத்தில் நிறுத்துவதே தக்கது.

அச்சுத் தொடர்கதைக்கில்லாத ஒரு வாய்ப்பும் இணையத்திற்கு உண்டு. வெளியான பகுதியையே திருத்திக்கொள்ளலாம். அமெரிக்கக் கணினி வல்லுநரான ஆண்டி வெயர், செவ்வாய்க் கோளில் தனித்து விடப்பட்ட விண்வெளி வீரன் ஒருவனின் கதையை 2009ஆம் ஆண்டு முதல் தம் தளத்தில் கட்டணமின்றி வெளியிட்டார். அவ்வீரன் உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் பிழைக்க முயல்கிறான். விண்கலங்கள் செல்லும் பாதையைக் கணக்கிட வெயர் தாமே கணினிநிரல் எழுதிக்கொண்டார். எனினும், அறிவியல் கற்ற வாசகர்கள் பிழைகளைச் சுட்டியெழுத, அவர் அவற்றைத் திருத்தினார். அக்கதையே 'தி மார்ஷியன்' என்னும் நூலாகி, 2015இல் திரைப்படமும் ஆயிற்று. வாசகர் சொல்வன எல்லாவற்றையும் கேட்டுவிடலாகாது என்பதும் உண்மை. கணக்குப் பிழையை அவர்பால் அறிந்துகொள்ளலாம். கதையின் முடிவை அவரிடம் கேட்பவன் தன் கதையை இழப்பான்.

எழுதுவோனை வருத்தும் பேரச்சம், தொடங்கியதை முடியாமல் விடுவதாகும். இணையத்தில் இடையில் நின்றுபோன கதைகள் எண்ணிறந்தன. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தொடர்கதையில் ஒப்பற்றவர். 1836 ஏப்ரலில் தொடங்கிய 'பிக்விக்' கதை முதலில் நன்கு விற்கவில்லை. சாம் வெல்லர் என்னும் பணியாள் கதையினுள் வந்தபின் விற்பனை பெருகி, முடிவில் மாதம் 40,000 படிகளை எட்டியது. 1837 மே மாதத்தில் மனைவியின் தங்கை மேரி 17ஆம் அகவையில் இறக்கவே, அவரால் எழுத இயலவில்லை. அடுத்த மாதப் பகுதி வெளிவராமற் போயிற்று. அவ்வாறு முறை தவறாது உழைத்தவருக்கும் இறுதியில் காலம் இடங்கொடுக்கவில்லை. பன்னிரண்டு பகுதிகளாகத் திட்டமிட்ட 'எட்வின் டிரூட்' கதையில் ஆறு பகுதிகளையே எழுதிய நிலையில், 1870 ஜூன் 9ஆம் நாள் அவர் மறைந்தார். திடீரெனக் காணாமற்போன டிரூட் என்னும் இளைஞனுக்கு நேர்ந்தது யாது என்பதைக் கூறாமலே கதை நின்றுவிட்டது. தாமாக முடிவு எழுதிப் பார்த்தோர் பலர். எழுதத் தொடங்கியவர் எண்ணிய முடிவு எது என்பதில் அவர்களிடையே இன்றும் ஒற்றுமை இல்லை.