64-பிட் மூளை, 32-பிட் வாசல்: ஒரு குட்டி லேப்டாப்பில் விண்டோஸை எடுத்த கதை

அக்கா வீட்டில் ஒரு 11.6 அங்குல லேப்டாப் இருக்கிறது. 2015-ல் வாங்கியது. இன்டெல் ஆட்டம் பேட்ரெயில் சிப், 2 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு, கூடவே வந்த விண்டோஸ் 8.1. அக்கா மகளுக்கு கல்லூரி அசைன்மென்ட் அடிக்க வீட்டில் அது ஒன்றுதான். போன மாதம் "ஒரு பிடிஎஃப் கூட சேவ் ஆக மாட்டேங்குது மாமா" என்று போன். கடையில் காட்டினால், "ஹார்ட்டிஸ்க் மாத்தலாம்னா போர்டோட ஒட்டியிருக்கு, ராமும் அப்படித்தான். பழைய விலைக்குப் போட்டுடுங்க" என்றாராம். ஒட்டியிருப்பது உண்மைதான். இதில் இருப்பது ஹார்ட்டிஸ்கே இல்லை, இஎம்எம்சி என்ற சிப். ஆனால் பழைய விலைக்குப் போட வேண்டிய மெஷின் இல்லை அது.

முதலில், இடம் எங்கே போனது? அவள் வைத்திருந்ததெல்லாம் சேர்த்தே 3 ஜிபி தான். மீதியை விண்டோஸ் சாப்பிட்டிருந்தது. இந்த மாதிரி குட்டி டிஸ்க் மெஷின்களுக்காக 2014-ல் 'விம்பூட்' என்று ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள். விண்டோஸின் கோப்புகள் சுருக்கப்பட்ட ஒரே மூட்டையாக ரிகவரி பார்டிஷனில் இருக்கும். சி டிரைவில் தெரிபவை அந்த மூட்டையைக் கை காட்டும் சுட்டிகள் மட்டும். புது லேப்டாப்பில் இது நல்ல சிக்கனம். அப்டேட் வர வர என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு கோப்பு புதுப்பிக்கப்பட்டால் சுட்டி போய் நிஜக் கோப்பு சி டிரைவில் உட்காரும். மூட்டைக்குள் இருக்கும் பழைய பிரதியோ அப்படியே கிடக்கும். ஒரே பொருளுக்கு இரண்டு இடத்தில் வாடகை. சில வருஷத்தில் டிஸ்க் நிறையாமல் என்ன செய்யும்?

"ரிகவரி பார்டிஷனை அழிச்சா இடம் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் விம்பூட் மெஷினில் அதைச் செய்து விடாதீர்கள். அது உபரி இடம் இல்லை, விண்டோஸே அங்கேதான் குடியிருக்கிறது. இதே காரணத்தால் சி டிரைவை மட்டும் காப்பி செய்து வைப்பதும் பேக்கப் ஆகாது. முழு டிஸ்கையும் இமேஜாக எடுக்க வேண்டும்.

அப்டேட்டை நிறுத்தி சமாளிக்கலாமே என்றால், 8.1-க்கான ஆதரவே 2023 ஜனவரி 10-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 குறைந்தபட்சம் 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும் கேட்கிறது. ஆக, லினக்ஸ்.

இங்கேதான் என்னுடைய ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. கையில் இருந்த 64-பிட் லினக்ஸ் பென்டிரைவைச் செருகினேன். செக்யூர் பூட்டை அணைத்தேன். பூட் மெனுவில் பென்டிரைவ் பெயரே வரவில்லை! மூன்று பென்டிரைவ் மாற்றிப் பார்த்தேன். வேறு லேப்டாப்பில் மூன்றும் ஒழுங்காக ஓடுகின்றன. போர்ட் செத்துவிட்டது என்று முடிவு கட்டும் நிலைமைக்கே வந்துவிட்டேன்.

சிக்கல் போர்ட்டில் இல்லை. இந்த சிப் 64-பிட். ஆனால் அதை எழுப்பி விடும் ஃபெர்ம்வேர், அதாவது யூஇஎஃப்ஐ, 32-பிட். யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகும் விண்டோஸும் ஃபெர்ம்வேரும் ஒரே பிட்டில் இருந்தாக வேண்டும். இந்த மெஷினில் போட்டு விற்றது 32-பிட் விண்டோஸ் என்பதால் ஃபெர்ம்வேரும் 32-பிட்டாகவே வந்தது. அப்படிப்பட்ட ஃபெர்ம்வேர் பென்டிரைவில் 'பூட்-ஐஏ32' என்ற கோப்பைத் தேடும். வழக்கமான 64-பிட் பென்டிரைவில் இருப்பதோ 'பூட்-எக்ஸ்64'. தேடுவது இல்லை என்றால் "இது பூட் ஆகும் பொருளே இல்லை" என்று பேசாமல் தாண்டிப் போய்விடும். ஒரு எச்சரிக்கை கூடக் கிடையாது. ஒரே ஒரு சின்னக் கோப்பு இல்லாததால் "இந்த மெஷின்ல லினக்ஸ் ஏறாது" என்று கைவிடப்பட்டவை எத்தனையோ, தெரியாது.

அந்தக் கோப்பு உள்ளே நுழைய மட்டும்தான் உதவும். கர்னல் ஓட ஆரம்பித்த பிறகும் சில வேலைகளுக்கு, உதாரணமாக பூட் பட்டியலில் பெயர் எழுத, ஃபெர்ம்வேரைக் கூப்பிட வேண்டியிருக்கும். 64-பிட்டில் ஓடுகிற கர்னல் ஒரு நொடி 32-பிட்டுக்கு இறங்கி, பேசிவிட்டு, திரும்ப மேலேற வேண்டும். இந்த வித்தையை லினக்ஸ் 2014-ல் 3.15 பதிப்பில் கற்றுக்கொண்டது. டெபியன் 8 இன்ஸ்டாலர்களில் ஒன்று 2015-லேயே இதற்கு வழி செய்தது. நான் போட்டது டெபியன் 12. அதன் 64-பிட் இமேஜிலேயே இரண்டு வாசலும் உண்டு. பென்டிரைவ் உடனே மெனுவில் தெரிந்தது. அப்பாடா.

"பேசாம 32-பிட் லினக்ஸே போட்டிருக்கலாமே?" என்று கேட்கலாம். ராம் கொஞ்சம் மிச்சமாகும், நிஜம். ஆனால் குரோம் 2016-லேயே 32-பிட் லினக்ஸை விட்டுவிட்டது, டெபியன் 13-ல் 32-பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே இல்லை. மூடப்போகும் கடையில் கணக்கு ஆரம்பிக்க வேண்டாம்.

அழிப்பதற்கு முன் முழு டிஸ்க் இமேஜை வெளி ஹார்ட்டிஸ்கில் எடுத்துக்கொண்டேன். எல்லாம் எடுத்தாச்சா என்று கேட்டதற்கு, "டவுன்லோட்ஸ்ல தாத்தா வாய்ஸ் ரெக்கார்டிங் இருக்கு மாமா, வேற எங்கயும் இல்ல" என்றாள். அதைத் தனியாக இரண்டு இடத்தில் காப்பி செய்த பிறகுதான் பார்டிஷனில் கை வைத்தேன்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. வைஃபை முதலில் வரவில்லை. போனை யூஎஸ்பி-யில் மாட்டி இன்டர்நெட் எடுத்து, அதற்கான ஃபெர்ம்வேரை இறக்கினேன். டெஸ்க்டாப்புக்கு எல்எக்ஸ்க்யூடி. ஸ்வாப்பை இஎம்எம்சி-யில் வைக்காமல் இசட்ராம் போட்டேன். அது ராமிலேயே ஒரு பகுதியைச் சுருக்கி வைத்துச் சமாளிக்கும். பேட்ரெயில் சிப்புகளில் லினக்ஸ் திடீரென்று உறைந்து போகும் பழைய வழு ஒன்று உண்டு. உங்களுக்கு அப்படி ஆனால், சிப்பை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவிடாமல் சி-ஸ்டேட்டை 1-ல் நிறுத்தும்படி கர்னலுக்கு ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான். எனக்குத் தேவைப்படவில்லை.

இப்போது சிஸ்டம் 6 ஜிபி-க்குள் அடங்கி, 20 ஜிபி-க்கு மேல் காலியாக இருக்கிறது. வேகத்தில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். பிரவுசரில் நாலு டேப் தாண்டினால் மூச்சு வாங்குகிறது. லிப்ரே ஆபீஸில் தமிழ்99-ல் அசைன்மென்ட் அடிக்கிறாள், அதற்குத் தாராளம். ஹெட்போன் மாட்டினால் ஸ்பீக்கர் தானாக அணையாதது மட்டும் பாக்கி, அடுத்த லீவில் பார்க்கணும்.

பழைய விண்டோஸின் இமேஜ் இருக்கும் ஹார்ட்டிஸ்க் இப்போது அக்காவின் பீரோவில் இருக்கிறது. மேலே ஸ்கெட்ச் பேனாவில் "அழிக்காதே - அப்பா குரல்" என்று எழுதி வைத்திருக்கிறாள்.