பனிக்குத் தலையில் துண்டு

புதுக்கோட்டைக்காரர்களிடம் குளிரை அளக்க ஒரே கருவிதான் உண்டு: தேங்காய் எண்ணெய்ப் புட்டி. மார்கழிக் காலையில் தலைக்குத் தடவலாமென்று அதைக் கவிழ்த்தால் எண்ணெய் வராது. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். புட்டியை வாசல் வெயிலில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போவோம். திரும்பி வருவதற்குள் உருகியிருக்கும். எங்கள் குளிர்காலம் அவ்வளவுதான். சித்திரை வெயிலில் கண்மாய்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் ஊரில் இதற்கு மேல் யாரும் குளிரை எதிர்பார்ப்பதில்லை.

இந்த ஊரிலிருந்து உறைபனிக்குப் போன இரண்டு பேரை எனக்கு நெருக்கமாகத் தெரியும். ஒருவர் என் பெரியப்பா. இன்னொருத்தி அவருடைய பேத்தி. இருவருக்கும் நடுவே ஐம்பது வருஷம்.

பிழைக்க வெளியே போவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. ராயவரம், கோனாபட்டு நகரத்தார்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனார்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையோர முஸ்லிம் வீடுகளில் 'சபுர் போயிருக்கிறார்' என்றால் கடல் தாண்டிச் சம்பாதிக்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அப்புறம் துபாய், சவுதி, குவைத். கவனித்தால் அத்தனையும் வெயில் நாடுகள். பெட்டி கட்டும்போது ஊறுகாய் வைத்த தாய்மார்கள் உண்டு, கம்பளிச் சட்டை வைத்தவர்கள் இல்லை.

குளிர் தேசத்தில் போய்த் தங்கியவர் என்று ஊருக்கே தெரிந்த பெயர் ஒரு மன்னருடையது. மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915-இல் ஆஸ்திரேலியப் பெண்ணான மோலி ஃபிங்கை மணந்தார். ஆங்கிலேய அரசு அவரை மகாராணியாக ஏற்கவில்லை. மன்னர் சமஸ்தானத்தை விட்டுவிட்டு ஐரோப்பாவிலேயே தங்கினார். 1928-இல் பாரிஸில் காலமானார். உடலை லண்டனில் தகனம் செய்தார்கள். ஆனால் ராஜா பார்த்த குளிர் வேறு கணக்கு. குடியானவன் வீட்டுக் கதை மிலிட்டரியில்தான் தொடங்குகிறது.

1962 சீனப் போரில் நம் சிப்பாய்கள் பலர் போதிய குளிருடை இல்லாமல் இமயமலையில் நின்றார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு ராணுவத்துக்கு ஏராளமாக ஆளெடுத்தபோது சேர்ந்தவர் பெரியப்பா. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி. நீலகிரிக் குளிரையே பெரிதாகச் சொல்லிக்கொண்டிருந்தவரைச் சில வருஷங்களில் லடாக்குக்கு அனுப்பினார்கள்.

அவர் அங்கேதான் இருக்கிறார் என்பது எங்களுக்கு நெடுநாள் தெரியாது. கடிதத்தில் ஊர்ப் பெயர் இருக்காது. பெயர், நம்பர், பட்டாலியன், கடைசியில் '56 ஏ.பி.ஓ.' என்று மட்டும் இருக்கும். ராணுவத்தான் காஷ்மீரில் இருந்தாலும் ராஜஸ்தானில் இருந்தாலும் அதே முகவரிதான். "அம்பத்தாறுங்கிறது எந்தப் பக்கம்ப்பா இருக்கு?" என்று அப்பத்தா தபால்காரரைக் கேட்கும். அவர் யோசித்து, "வடக்க ஆத்தா" என்பார். அந்தப் பதில் அப்பத்தாவுக்குப் போதுமானதாக இருந்தது.

கடிதம் படிப்பதும் பதில் எழுதுவதும் ஐந்தாவது படித்த என் வேலை. ஒருமுறை பெரியப்பா, 'இங்கு பனி மிக அதிகம். நலமாக இருக்கிறேன்' என்று எழுதியிருந்தார். அப்பத்தா திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "பனியில நிக்காத. தலையில துண்டக் கட்டிக்க. ராத்திரி சுக்குத் தண்ணி வச்சுக் குடி."

இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அப்பத்தா மேல் தப்பில்லை. வருஷத்தை ஆறாகப் பிரித்து, அதில் முன்பனி, பின்பனி என்று இரண்டைப் பனிக்கே கொடுத்த மொழி நம்முடையது. அந்தப் பனி புல்லில் நிற்கும், வைக்கோற்போரை நனைக்கும், வெயில் ஏறினால் போய்விடும். வானத்திலிருந்து பஞ்சாக விழுந்து கூரையை அமுக்கும் ஒன்றுக்கும் அதே சொல்லைத்தான் பெரியப்பா எழுதவேண்டியிருந்தது. சொல் வீடு வந்து சேர்ந்தது. குளிர் வந்து சேரவில்லை.

விடுமுறைக்கு வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பனியை உருக்கவேண்டும்; வாளி நிறையப் பனி அள்ளினால் உருகி ஒரு சொம்புதான் தேறும். லே நகரம் இருக்கும் 3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் சோறு நறுக்கரிசியாகவே கிடக்கும். வெறுங்கையால் துப்பாக்கிக் குழலைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். 'புகாரி' என்று ஒரு மண்ணெண்ணெய்க் கணப்பு உண்டு. அதைச் சுற்றித்தான் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். படுக்கும்போது மட்டும் அணைத்துவிடவேண்டும்; மூடிய அறையில் அதன் புகை தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அப்பத்தா கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெய் டப்பா அங்கே கல்லாகிவிட்டதாம். பேனாக் கத்தியால் சுரண்டி, உள்ளங்கையில் வைத்து, புகாரிப் பக்கம் காட்டி உருக்கித் தடவிக்கொள்வாராம்.

ஜோஜிலா கணவாய் பனியில் மூடிக்கொண்டால் மாதக்கணக்கில் தரைவழி கிடையாது. ஆகாய விமானத்தில் வந்தால்தான் கடிதம். மாசி மாதம் இங்கே கைப்பட எழுதியது வைகாசியில் போய்ச் சேர்ந்ததும் உண்டு. பதில் வராத மாதங்களில் அப்பத்தா எதுவும் பேசாது. தந்திக்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடும்.

ட்ரங்குப் பெட்டியில் பச்சை ஸ்வெட்டரும் கம்பளியும் கொண்டு வருவார், இந்தியில் 'குபானி' என்று சொல்லும் காய்ந்த ஆப்ரிகாட் பழமும். பேரீச்சம்பழம் என்று நினைத்துத் தின்றோம். அந்த ஸ்வெட்டரை எங்கள் வீட்டில் யாரும் போட்டதில்லை, போடவும் முடியாது. மழைக்காலத்தில் கன்றுக்குட்டிமேல் போர்த்தினோம்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. ஓய்வு பெற்று வந்து கடலைக் காட்டில் நின்றிருந்த ஒருநாள், அவர் இடது கால் விரலில் கருவேல முள் ஏறி ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். நான்தான் பார்த்துச் சொன்னேன். குனிந்து பார்த்துவிட்டு, "அந்த ரெண்டு வெரலும் அங்கேயே போச்சுடா" என்றார். பனிக்கடியில் உணர்ச்சி செத்த விரல்கள். பதினைந்து வருஷம் அவர் பட்ட குளிரில் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது அந்த முள் மட்டும்தான்.

இனி, பேத்தி.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பெரியப்பா மகனான அண்ணனின் தோப்பும் போனது. ஒரு பலா நட்டுக் காய்ப்புக்கு வருவதற்குள் பிள்ளைகளின் வயது போய்விடும். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த அவர் மகளும் மருமகனும் கனடாவுக்கு எழுதிப்போட்டிருந்த பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி) அடுத்த வருஷம் கிடைத்தது. வயதுக்கு, படிப்புக்கு, ஆங்கிலத்துக்கு என்று மதிப்பெண் போட்டு ஆளெடுக்கும் ஏற்பாடு. குளிர் தாங்குவதற்கு அதில் மதிப்பெண் இல்லை. ஆட்கள் தானாக வந்து குவியாத மாகாணங்கள் தங்களுக்கு வேண்டியவர்களைத் தாங்களே முன்மொழியும் வழியும் உண்டு. மனிடோபா 1998-லிருந்தே அப்படி அழைக்கிறது. அந்த வழியில் அதன் தலைநகரான வின்னிபெக்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஜனவரியின் சராசரியே மைனஸ் 16 டிகிரி. மைனஸ் 30 என்பது செய்தியாகாத சாதாரண நாள்.

கனடாக் குளிரில் தமிழ்க் குடித்தனத்துக்குப் பாதை போட்டவர்கள் ஈழத்தமிழர்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 பேரை மீனவர்கள் மீட்டார்கள். அப்படியெல்லாம் வந்தவர்கள் கடையும் கோயிலும் கட்டி, ஜனவரியை நாடாளுமன்றமே தமிழ் மரபுத் திங்களாக ஏற்கும் அளவுக்கு வேரூன்றியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைப்பது அவர்கள் போட்ட பாதையில்தான்.

பெரியப்பாவுக்கு அரசாங்கம் கோட்டு கொடுத்தது. பணி முடிந்ததும் ஸ்டோரில் திருப்பிக் கொடுத்தார். இவள் தன் காசில் வாங்கவேண்டும். முதல் குளிருக்கு ஜாக்கெட், பூட்ஸ், கையுறை என்று வாங்கிவிட்டு, அண்ணனிடம் பாதி விலைதான் சொன்னாள். உள்ளே ஒரு தெர்மல், அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் பார்க்கா என்று அடுக்கடுக்காகப் போடவேண்டும். அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. காரின் முகப்பில் ஒரு பிளக் தொங்குகிறது, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. ராத்திரி அதைக் கரண்டில் மாட்டி எஞ்சினைச் சூடாக வைத்தால்தான் காலையில் வண்டி கிளம்பும். நகருக்குள் ஓடும் ஆறு உறைந்து ஜனங்கள் அதன்மேல் சறுக்கி விளையாடுகிறார்கள். "நம்ம வெள்ளாத்துலயும்தான் நடக்கலாம்" என்றார் அண்ணன். எங்கள் ஆற்றில் மணல்மேல் நடப்போம்.

நான் ரொம்ப ரசித்தது அவள் தோசை மாவு புளிக்கவைக்கும் வித்தை. புதுக்கோட்டையில் ராத்திரி அரைத்து வைத்தால் விடிகாலையில் பொங்கி வழியும். அங்கே இரண்டு நாள் வைத்திருந்தாலும் அரைத்தபடியே கிடந்ததாம். ஓவனைப் பற்றவைக்காமல் அதற்குள் எரியும் சின்ன பல்பை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறாள். அந்தப் பல்பின் வெதுவெதுப்பு மாவுக்குப் போதும். வீடியோவில் ஓவன் கண்ணாடி வழியே காட்டினாள்: மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு எவர்சில்வர் தூக்கு, உள்ளே மெதுவாக மேலேறும் மாவு. அந்த ஓவனுக்குள் இருப்பதுதான் எங்கள் ஊர்த் தட்பவெப்பம்.

வீட்டுக்குள் ஃபர்னஸ் 21 டிகிரி வைத்திருக்கும். 21 என்பது 24-க்குக் கீழே. ஆகவே தேங்காய் எண்ணெய் குளிர்காலம் முழுக்க வெள்ளைக் கட்டிதான். வாய் அகன்ற ஜாடியில் வாங்கிக் கரண்டியால் எடுக்கிறாள். தாத்தா பேனாக் கத்தியால் சுரண்டியதை நான்தான் அவளுக்குச் சொன்னேன். அதுவரை அவளுக்குத் தெரியாது.

இன்று குளிர் எங்கள் வீட்டுக்குத் தினமும் வருகிறது. அண்ணன் போனில் வானிலைப் பக்கத்தில் ஆலங்குடியும் வின்னிபெக்கும் மேலும் கீழுமாக இருக்கும். டீக்கடையில் கடலை விவசாயி ஒருவர், "விண்ட் சில் இன்னிக்கு மைனஸ் நாப்பதாம். பத்து நிமிசம் வெறுங்கையோட நின்னா கை அவ்வளவுதான்" என்று சொல்வதைக் கேட்டால் என் அப்பத்தா என்ன சொல்லியிருக்கும்? ராணுவத்திலும் அந்த மௌனம் போய்விட்டது. சியாச்சின் பக்கம்கூட செல்போன் சிக்னல் போய்ச் சேர்ந்துவிட்டது. தந்தி 2013-லேயே நின்றுபோனது.

ஆனால் எல்லாம் எளிதாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பெரியப்பாவைச் சுற்றி ஒரு பாரக் நிறைய ஆட்கள் இருந்தார்கள். சீட்டும் வம்பும் இருந்தன. திரும்பி வரும் தேதியும் இருந்தது. அவர் குளிரைத் தாங்கினார். பேத்தி அதில் வாழ்கிறாள். இரண்டும் ஒன்றல்ல. அவளுக்கு வீட்டுக் கடனே 25 வருஷம். டிசம்பர் கடைசியில் எட்டரை மணிவாக்கில் விடிந்து நாலரைக்கு இருட்டிவிடும். "குளிர்கூடப் பழகிருச்சு சித்தப்பா. இருட்டுதான் முடியல" என்றாள் ஒருநாள். டாக்டர் வைட்டமின் டி மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார். வெயிலைத் திட்டித் திட்டியே வளர்ந்த ஊரின் பெண் வெயிலை மாத்திரையாக விழுங்குகிறாள். பொங்கலன்று அங்கே சூரியன் எட்டே காலுக்குமேல்தான் எழும்பும். அப்போது இங்கே ராத்திரி ஏழே முக்கால் மணி, மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பு சீவத் தொடங்கியிருப்போம்.

போன மார்கழியில் குடும்பத்தோடு வந்திருந்தாள். அங்கே பிறந்த மகனுக்கு நாலு வயது. நாங்கள் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ராத்திரியில் அவன் பனியனோடு ஃபேன் கேட்டான். விடிகாலையில் வாசல் கதவைத் திறந்துகொண்டு ஓடப்போனவனை அண்ணி பிடித்து நிறுத்தினார். "பனி பெய்யுதுடா தங்கம். தலையில துண்டக் கட்டிக்கிட்டுப் போ."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. துண்டைக் கட்டியவுடன் ஓடினான். வாசலில் நின்று மேலே பார்த்தான். கூரையைப் பார்த்தான். வேலியில் படர்ந்திருந்த சுரைக்கொடி வரைக்கும் போய், ஒரு இலையின் நடுவில் உருண்டு நின்ற துளியை விரலால் தொட்டான். அது வழிந்து கீழே போனது.

"பாட்டி," என்று திரும்பினான். "பனி எங்க?"