நாற்பதாம் பக்கத்தில் நின்றுபோன புத்தகம்

மாணவ நண்பர்களே, உங்கள் அலமாரியில் பாதியில் நின்றுபோன புத்தகங்கள் எத்தனை? ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நாற்பதாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட், அறுபதாம் பக்கத்தில் ஒரு மயிலிறகு என்று அடையாளங்கள் மட்டும் உறங்கிக்கொண்டிருக்கும். ஏழாம் வகுப்பில் நூலகத்திலிருந்து வாரம் இரண்டு புத்தகம் எடுத்து வந்து படித்த அதே பிள்ளை, பதினோராம் வகுப்பில் ஒரே பத்தியை மூன்று முறை படித்தும் ஒன்றும் மனத்தில் ஏறாமல் விழிப்பதுண்டு. "படிக்கிற பழக்கமே போய்விட்டது சார்" என்று என்னிடம் வந்து சொன்னவர்கள் பலர். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "எனக்கு அறிவியல் வராது போலிருக்கிறது" என்று தமக்குத் தாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள்.

வழக்கை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதலாமா? கூடாது அல்லவா? ஆகவே, படித்தல் என்னும் செயல் எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

ஒரு வரியைப் படிக்கும்போது நம் கண் இடமிருந்து வலமாகச் சீராக வழுக்கிச் செல்கிறது என்றுதான் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை என்பது 1879ஆம் ஆண்டுவாக்கில் பாரிஸ் நகரில் கண் மருத்துவர் எமில் ழவாலின் ஆய்வுக்கூடத்தில் தெரியவந்தது. கண் வெட்டுக்கிளியைப் போலத் தாவுகிறது! ஓரிடத்தில் நிற்கிறது, தாவுகிறது, மறுபடி நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறத்தாழ கால் விநாடி. தாவலுக்கு ஆகும் நேரமோ அதில் எட்டில் ஒரு பங்குதான். எழுத்தை நாம் பார்ப்பதெல்லாம் நிற்கும்போதுதான். தாவும் கணத்தில் பார்வை ஏறக்குறைய அணைந்துவிடுகிறது. நம்ப முடியவில்லையா? கண்ணாடி முன் நின்று உங்கள் இடக் கண்ணைப் பாருங்கள், பிறகு வலக் கண்ணைப் பாருங்கள். கண் நகர்ந்ததை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்கும் தம்பிக்கு அது நன்றாகத் தெரியும்.

ஏன் இந்தத் தாவல்? விழித்திரையில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் பகுதி மையக்குழி என்னும் சிறு பள்ளம். அது காணும் கோணம் சுமார் 2 பாகை மட்டுமே. புத்தகத்தை 35 செண்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால், தெளிவாகத் தெரியும் அகலம் வெறும் 12 மில்லிமீட்டர்! மற்றவையெல்லாம் மங்கல்தான். எனவே அந்தச் சிறு ஜன்னலை வரி முழுவதும் நகர்த்தி நகர்த்தி வைத்தாக வேண்டியிருக்கிறது.

இங்கேதான் நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. கண் முன்னோக்கி மட்டும் தாவுவதில்லை. நன்றாகப் படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து தாவல்கள் பின்னோக்கியே நிகழ்கின்றன. புரியாத சொல், சிக்கலான வாக்கியம் எதிர்ப்பட்டால் நிறுத்தங்கள் நீளுகின்றன, தாவல்கள் குறுகுகின்றன, பின்னோக்கிப் போவது மிகுகிறது. ஆகவே கடினமான பக்கத்தில் நீங்கள் தட்டுத் தடுமாறுவது சோம்பல் அன்று. உங்கள் கண்ணும் மூளையும் செய்ய வேண்டிய வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. மேட்டில் ஏறும் லாரி கியரைக் குறைத்துக்கொண்டால், லாரி கெட்டுவிட்டது என்றா சொல்வோம்?

மேடு எவ்வளவு செங்குத்தாக இருக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஹூ, பால் நேஷன் என்னும் இரு மொழியியலாளர்கள் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களைக் கொண்டு செய்த ஆய்வை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒரு கதையை யார் உதவியும் இல்லாமல் போதுமான அளவு புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கண்டார்கள். 80 விழுக்காடு மட்டும் தெரிந்தவர்களில் ஒருவருக்கும் போதிய அளவு புரியவில்லை. 300 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாத சொல் ஆறு என்றால் சமாளிக்கலாம். முப்பது என்றால்? பத்துச் சொல்லுக்கு ஒருமுறை தடுக்கி விழுந்துகொண்டே யாரால் நடக்க முடியும்?

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு இயற்பியல் பட்ட வகுப்புக்கு வரும் மாணவர்களிடம் இதை நான் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். உராய்வு என்றால் என்ன என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்; ஆங்கிலப் பாடநூலில் அதே உராய்வு வேறு உடையில் வந்து நிற்கும்போது அடையாளம் தெரியாமல் திகைக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு முப்பது, நாற்பது தடுக்கல்கள். இரண்டு மாதத்தில் புத்தகம் மூடிக்கொள்கிறது. குறிப்புப் புத்தகம் ஒன்றை வாங்கி உருப்போடத் தொடங்குகிறார்கள். இதில் அறிவுக் குறைவு எங்கே இருக்கிறது? தெரியாத சொற்களின் விழுக்காடுதான் அதிகம். விழுக்காட்டைக் குறைக்க வழி உண்டு.

அந்த வழியைக் கையாண்ட ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். ஜோன் ஃபெய்ன்மன் 1927இல் அமெரிக்காவில் பிறந்தவர். புகழ்பெற்ற இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபெய்ன்மனின் தங்கை. சிறுமியாக இருந்தபோது ஓர் இரவு அண்ணன் அவரை எழுப்பி, வெட்டவெளிக்குக் கூட்டிப்போய், வானத்தில் அசைந்தாடும் துருவ ஒளியைக் காட்டினார். அன்றே அறிவியல் ஆசை பற்றிக்கொண்டது. ஆனால் அவருடைய தாயோ, பெண்களின் மூளை அறிவியலுக்கு ஏற்றதன்று என்று சொல்லிவிட்டார். அன்பில்லாமல் சொன்னதன்று, அக்காலத்தில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள்.

பதினான்காம் பிறந்த நாளுக்கு அண்ணன் ஒரு வானியல் நூலைப் பரிசளித்தார். கல்லூரிப் பாடநூல் அது! பள்ளிச் சிறுமிக்கு எப்படிப் புரியும்? எப்படிப் படிப்பது என்று தங்கை கேட்டார். அண்ணன் சொன்ன வழி இதுதான்: முதல் பக்கத்திலிருந்து தொடங்கு, எந்த இடத்தில் ஒன்றும் புரியாமல் போகிறதோ அங்கே நிறுத்து, மறுபடி முதல் பக்கத்துக்கே வந்து தொடங்கு, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்ச தூரம் போவாய், முழுதும் புரியும்வரை இப்படியே செய்.

ஜோன் அப்படியே செய்தார். அந்த நூலில் ஓரிடத்தில் விண்மீன் நிறமாலை பற்றிய ஒரு படம். அதன் கீழே, அது செசிலியா பெய்ன் என்பவருடைய ஆய்விலிருந்து எடுத்தது என்று குறித்திருந்தது. ஒரு பெண்ணின் பெயர்! விண்மீன்களில் பெரும்பகுதி ஹைடிரஜனே என்று 1925இல் தம் ஆய்வேட்டில் காட்டியவர் அவர்தான். பெண்ணால் முடியும் என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்? ஜோன் பின்னாளில் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றார். சூரியக் காற்றும் பூமியின் காந்தப்புலமும் ஒன்றையொன்று தாக்கும் விதத்தையும், அதனால் விளையும் துருவ ஒளியையும் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து 2020இல் மறைந்தார். புத்தகத்தைப் பாதியில் மூடி வைத்திருந்தால் அந்தப் படத்தின் அடிக்குறிப்பு அவர் கண்ணில் பட்டே இருக்காது.

முதலிலிருந்து மறுபடி தொடங்குவதால் என்ன ஆகிறது என்று பாருங்கள். முதல் முறை முப்பது தடுக்கல் இருந்த பக்கத்தில் இரண்டாம் முறை பதினைந்துதான் இருக்கும். மூன்றாம் முறை ஐந்தாறு. நீங்கள் நின்றுபோன நாற்பதாம் பக்கத்தில் வரும் சொற்களில் பலவும் முதல் இருபது பக்கங்களிலேயே விளக்கப்பட்டவைதாம். அவற்றை அகராதியில் தேடுவதைவிட அங்கேயே மறுபடி சந்திப்பது நல்லது. ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் நீங்கள் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். என் மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது இது ஒன்றைத்தான். ஆனால் இந்த முறை பாடநூலுக்கும் அறிவியல் நூலுக்கும்தான். சுவைக்காத நாவலை மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பதில் ஒரு குற்றமும் இல்லை. எடுத்ததை முடித்தே தீரவேண்டும் என்ற வைராக்கியத்தால் ஆறு மாதம் எதையுமே படிக்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மைக்கேல் ஃபாரடேயும் நினைவுக்கு வருகிறார். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. பதினான்கு வயதில் புத்தகம் தைத்துக் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்ட வந்த புத்தகங்களையெல்லாம் படித்தார். ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் நூலைப் படித்தபோது, அதில் சொல்லியதைத் தம்மால் இயன்ற சிறு சோதனைகளால் சரிபார்த்துக்கொண்டே போனார். படிப்பதில் சலிப்புத் தட்டினால் இதையும் செய்து பாருங்கள். ஊசல் பற்றிய பக்கம் நகரவில்லையா? நூலில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டு, இருபது அலைவுக்கு எத்தனை விநாடி என்று எண்ணிவிட்டு வாருங்கள். பக்கம் நகரும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. கிட்டப்பார்வை உள்ளவருக்குக் கரும்பலகை மங்கும். புத்தகம் தெளிவாகவே தெரியும். தூரப்பார்வை உள்ள பிள்ளையின் நிலை வேறு. இளம் வயதில் சிலியரித் தசைகள் சுருங்கிக் கண் வில்லையைத் தடிக்கச் செய்து எழுத்தைத் தெளிவாக்கிவிடுகின்றன. ஆகவே குறை இருப்பதே தெரியாது. ஆனால் அரை மணியில் தசை களைத்துவிடும். தலை வலிக்கும், எழுத்து மங்கும், தூக்கம் வரும். பார்வைச் சிதறலும் இப்படியே துன்புறுத்தும். வீட்டில் "புத்தகத்தைத் தொட்டாலே தூக்கம்" என்று திட்டு விழும்! படிக்க உட்கார்ந்தால் மட்டும் தலைவலி வருகிறதென்றால், அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போய் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள்.

கைப்பேசியைப் பற்றி ஏன் பேசவில்லை என்று உங்கள் பெற்றோர் கேட்பார்கள். எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. படிக்கும் அரை மணி நேரம் அது வேறு அறையில் இருந்தால் போதும்.

மற்றபடி, நின்ற வண்டியைத் தள்ளுவதற்கு வேண்டிய விசை, ஓடும் வண்டியைத் தள்ளுவதற்கு வேண்டியதைவிட அதிகம் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். பல மாதம் படிக்காமல் இருந்தவர் முதலில் எடுக்க வேண்டியது மெல்லிய புத்தகம், தெரிந்த பொருள், பெரிய எழுத்து. அதைத் தேடித் தர நூலகர் இருக்கிறார், கூச்சப்படாமல் கேளுங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டு 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதை நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் ஒன்றாகவே வைத்தார். சுவையான செய்தி என்னவென்றால், அவருக்கே அந்த வேலை தொடக்கத்தில் சலித்துப்போய், கல்லூரிக்குத் திரும்பிவிட விரும்பினார்!

இனி ஒரு சோதனை. அகன்ற வரிகள் உள்ள எளிய கதைப் பக்கம் ஒன்றையும், கடினமான பாடப் பக்கம் ஒன்றையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் இரு வரிகளுக்கு இடையே பென்சில் முனையால் சிறு துளையிடுங்கள். நண்பரிடம் பக்கத்தைக் காட்டி மனத்துக்குள் படிக்கச் சொல்லிவிட்டு, மறுபக்கத்திலிருந்து துளை வழியே அவர் கண்ணைப் பாருங்கள். ஒரு வரிக்கு எத்தனை தாவல்? பத்து வரிகளுக்கு எண்ணிச் சராசரி எடுங்கள். இரு பக்கங்களுக்கும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கடினமான பக்கத்தை நண்பர் முதலிலிருந்து மூன்று முறை படிக்கட்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள்.