மின்னஞ்சலைத் தரம்பிரிக்கும் முறை

தபாற்கந்தோருக்கு வந்த கடிதப் பைகள் அவிழ்க்கப்பட்டதும் முதலில் நிகழ்வது தரம்பிரித்தலாகும். இன்ன ஊருக்கு இன்ன தட்டு என வகுத்து, கடிதங்கள் அவ்வவற்றில் இடப்படுகின்றன. அவ்வொழுங்கு இல்லையெனின் எக்கடிதமும் உரிய நேரத்தில் உரியவர் கையை அடையமாட்டாது. இன்று ஒவ்வொருவருடைய மின்னஞ்சற் பெட்டியும் ஒரு சிறு தபாற்கந்தோராகிவிட்டது. திணைக்களத்தின் சுற்றறிக்கை, வங்கியின் கணக்கறிக்கை, கடல் கடந்து வாழும் மகனின் மடல், வியாபார விளம்பரம் ஆகிய யாவும் ஒரே குவியலாக வந்து விழுகின்றன. விளம்பரங்களின் கீழ்ப் புதையுண்ட ஒரு மடலால், விண்ணப்பத்துக்குரிய இறுதித் திகதி தவறிப்போதலும் உண்டு. இக்குவியலைப் பிரித்து வைக்குமாறு கணினிக்கு முன்கூட்டியே இடும் கட்டளையே மின்னஞ்சல் விதி எனப்படும்.

எதனைக் கொண்டு பிரிப்பது? மின்னஞ்சல் முகவரியே இதற்கு விடை தருகின்றது. 1971ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் ரே ரொம்லின்சன், ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மடல் அனுப்பும் வழியை அமைத்தபோது, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட ‘அற்’ என்னும் குறியை இடையில் வைத்தார். அன்று தொட்டு, அக்குறிக்கு இடப்புறம் நிற்பது ஆளின் பெயர். வலப்புறம் நிற்பது அவருடைய மடல் புறப்படும் இல்லத்தின் பெயர். இல்லத்தின் பெயரையே ‘டொமைன்’ அல்லது ஆள்களப் பெயர் என்பர்.

ஆள்களப் பெயரை வலமிருந்து இடமாக வாசித்தல் வேண்டும். ‘ஜே.எவ்.என். புள்ளி ஏ.சி. புள்ளி எல்.கே.’ என்பதை எடுத்துக்கொள்வோம். இறுதியிலுள்ள ‘எல்.கே.’ இலங்கையையும், அதற்கு முந்திய ‘ஏ.சி.’ உயர்கல்வி நிறுவனங்களையும், முதலில் நிற்கும் ‘ஜே.எவ்.என்.’ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் குறிக்கின்றன. ஒரு நிறுவனத்தின் அலுவலர்கள் மாறலாம். அவர்தம் தனி முகவரிகளும் மாறலாம். ஆள்களப் பெயரோ பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே, ஆளுக்கொரு விதி எழுதுவதினும் இல்லத்துக்கொரு விதி எழுதுவதே எளிது.

ஜீமெயில் சேவையில் இதனைச் செய்யும் முறை வருமாறு. கணினியின் உலாவியில் பெட்டியைத் திறந்து, பற்சில்லு வடிவக் குறியை அழுத்தி, அமைப்புகள் யாவற்றையும் காட்டும் பக்கத்துக்குச் செல்லல் வேண்டும். அங்கு வடிகட்டிகளுக்குரிய பகுதியில் புதியதொன்றை உருவாக்கி, அனுப்புநருக்குரிய கட்டத்தில் ‘அற்’ குறியையும் அதனையடுத்து ஆள்களப் பெயரையும் எழுதுதல் வேண்டும். பின்னர், அம்மடல்களுக்கு எந்தப் பெயர்ச்சீட்டு இடப்படவேண்டும் எனத் தெரிவுசெய்தால் விதி அமைந்துவிடும்.

விதியை எழுதும்போது சொற்களை அளந்து எழுதுதல் வேண்டும். சில சேவைகளில், முகவரியின் எவ்விடத்திலேனும் குறித்த சொல் இருந்தாற் போதும், விதி செயற்பட்டுவிடும். வஞ்சகன் ஒருவன் வங்கியொன்றின் ஆள்களப் பெயரை முன்னே வைத்து, அதன் பின்னே தன் சொந்த ஆள்களப் பெயரை ஒட்டிக்கொள்ளலாம். அம்முகவரி வங்கிக்கு உரியதன்று. இறுதியில் நிற்கும் பெயருக்கு உரியவனுடையது. எனவே, ‘உள்ளது’, ‘முடிகின்றது’, ‘சரிசமமானது’ என்னும் தெரிவுகள் தரப்படுமிடத்து, இறுக்கமானதையே தெரிவுசெய்தல் நன்று.

இவ்வாறு இறுக்கமாக எழுதிய விதியால் மற்றொரு பயனும் உண்டு. வங்கியின் பெயரைச் சொல்லி வந்த மடலொன்று, வங்கிக்கு வகுத்த தட்டில் விழாது வெளியே கிடக்குமாயின், அதுவே முதல் எச்சரிக்கையாகும். கண்ணை ஏமாற்றும் எழுத்துமாற்றம் கணினியை ஏமாற்றாது.

எனினும், உரிய தட்டில் விழுந்த மடல்கள் யாவும் மெய்யானவை எனக் கொள்ளலாகாது. தபாலுறையின் பின்புறத்தில் எவரும் எவர் பெயரையும் எழுதலாம். மின்னஞ்சலின் அனுப்புநர் வரியும் அத்தகையதே. இக்குறையை நீக்க மூன்று ஏற்பாடுகள் தோன்றின. ‘எஸ்.பி.எவ்.’ என்பது, தன் பெயரால் மடல் அனுப்ப உரிமையுள்ள கணினிகளின் பட்டியலை ஆள்கள உரிமையாளர் வெளியிடும் முறை. ‘டீக்கிம்’ என்பது மடலில் இடப்படும் இலத்திரனியல் முத்திரை. இச்சோதனைகளிலே தவறிய மடலை யாது செய்வது என அறிவிப்பது ‘டீமார்க்’. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி முதல், ஜீமெயிற் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் இம்மூன்றையும் கைக்கொள்ள வேண்டுமென கூகிள் நிறுவனம் விதித்தது. ஆதலால், ‘இவ்வாள்களத்திலிருந்து வருவதை ஒருபோதும் எரிதமாகக் கொள்ளாதே’ என்று கட்டளையிடுமுன் சிந்தித்தல் வேண்டும். வாயிற்காவலனை அகற்றிவிட்டு வீட்டைத் திறந்து வைப்பதற்கு அஃது ஒப்பாகலாம்.

அழித்துவிடுமாறு விதி எழுதுவது இன்னும் பெரிய அபாயம். ஜீமெயில் போன்ற பொதுச் சேவையின் ஆள்களப் பெயரைக் கோடிக்கணக்கானோர் பகிர்ந்துகொள்கின்றனர். ஒருவன் அனுப்பும் தொல்லைக்காக அவ்வாள்களம் முழுவதையும் தடுத்தால், பிள்ளையின் நோய்பற்றிப் பெற்றோர் பாடசாலைக்கு எழுதிய மடலும் சேர்ந்தே மறையும். எழுதியவர் மடல் சேர்ந்ததென்றிருப்பார். பெறவேண்டியவர் ஒன்றும் வரவில்லையென்றிருப்பார். ஜீமெயிலின் குப்பைப் பெட்டியிற் சேர்ந்த மடல் 30 நாட்களின் பின் முற்றாக நீங்கிவிடும். எனவே, அத்தகையவற்றை அழிக்காது தனித் தட்டொன்றில் இட்டு, வாரம் ஒருமுறை பார்வையிடுவதே பாதுகாப்பு.

இவ்விதிகளை எழுதுவதற்கென 2001ஆம் ஆண்டில் வெளியான கணினிமொழி ஒன்றுக்கு ‘சீவ்’, அஃதாவது அரிதட்டு, என்று பெயர். அரிதட்டு மாவையும் கப்பியையும் பிரித்துத் தரும். கப்பியை மீண்டும் இடிப்பதா, எறிவதா என்று தீர்மானிப்பவர் அதனைக் கையில் வைத்திருப்பவரே.